எட்டு மாதம் போட்டுப் பார்த்த பைண்டர்: ஒரு பனியன் கம்பெனி டெய்லரின் கருத்து

முதலில் தையலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பைண்டர் என்கிற இறுக்கமான உள்பனியன் வந்த பார்சலைப் பிரித்ததும் எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். நான் உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது வருசமாகத் திருப்பூரில் பிளாட்லாக் மெஷின் ஓட்டுகிறவனுக்கு அந்தக் கை தானாகப் போகும்.

பக்கவாட்டுத் தையல் நாலு ஊசி, ஆறு நூல். ரெண்டு துணியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து ஓட்டியிருந்தார்கள். விரலை வைத்துத் தேய்த்தால் மேடே தெரியவில்லை. அக்குளுக்குக் கீழே நாள் முழுக்க உராய்கிற இடத்தில், விளிம்பைச் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் மேடு இருந்தால் சாயங்காலம் தோல் கன்றிப்போகும். இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். சந்தோசமாக இருந்தது. அப்படியே தோள்பட்டைக்கு வந்தேன். அங்கே சிங்கர் மெஷினில் சாதா நேர்த்தையல். இழுக்கிற துணியில் இழுபடாத தையலைப் போட்டால் நூல் அறுந்துவிடும் என்பது கைமடித்துக் கொடுக்கிற ஹெல்பர் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கே நினைத்தேன், மூன்றாவது மாதம் இடது தோளில் 'டப்' என்றது.

பைண்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மார்பை அமுக்கித் தட்டையாகக் காட்டுகிற இறுக்கமான உள்பனியன். என்னைப் போன்ற திருநம்பிகள் போடுவது. பெண் என்று எழுதி வளர்க்கப்பட்டு, ஆணாக வாழ்கிறவர்கள் நாங்கள். 'திருநம்பி' என்ற வார்த்தை 2022-ல் தமிழக அரசு கெஜட்டில் போட்ட சொற்பட்டியலிலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நடத்திய வழக்கை ஒட்டி வந்த பட்டியல் அது. கெஜட்டில் வந்தால் என்ன, கம்பெனியில் எங்கள் தையல் லைனில் இன்னும் 'பொம்பளைச் சட்டைக்காரன்' என்றுதான் பேர்.

விற்கிறவர்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நம்மைப் போன்ற நாலு பேர் வீட்டிலிருந்தே நடத்துகிற சின்னத் தொழில் அது. பெயரைப் பொதுவில் போட்டால் வாங்குகிறவன் வருவதற்கு முன் வம்புக்கு வருகிறவன் வந்து நிற்பான். ஒரு திருநம்பிக்குத் தேவைப்பட்டால் இன்னொரு திருநம்பியிடம் கேட்டால் போதும்.

விலை 1,180 ரூபாய், கூரியருக்கு 70. எனக்கு ரெண்டு ஷிப்ட் சம்பளம். அதிகம்தான். ஆனால் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்ந்து அந்த மாத வாடகையை விழுங்கிவிடும். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ் ஸ்போர்ட்ஸ் ப்ரா 150 ரூபாய்க்கு ரெண்டு கிடைக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு போட்டும் பார்த்திருக்கிறேன். வேர்த்துக் கொட்டும், தட்டையாகாது.

அதற்கும் முன்னால் ஆறு வருசம் கிரேப் பேண்டேஜ். கால் சுளுக்குக்குச் சுற்றுவார்களே, அதேதான். மெடிக்கலில் மாசம் ஒன்று வாங்குவேன். கடைக்காரர் ஒரு நாள், "இன்னுமா அந்தக் கால் சரியாகலே?" என்று என் ரெண்டு காலையும் எட்டிப் பார்த்தார். நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் கிரேப் பேண்டேஜ் ஆபத்தான சங்கதி. அசைய அசைய இறுகும், மூச்சு இழுக்கும்போது விலா விரிய இடம் கொடுக்காது. இதைப் படிக்கிற யாராவது சட்டைக்குள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். ஒட்டுகிற டேப்பும் வேண்டாம்.

பைண்டருக்கு வருகிறேன். முன்பக்கம் ரெண்டு அடுக்கு. வெளியே நைலான் ஸ்பாண்டெக்ஸ், உள்ளே இழுபடாத பருத்தித் துணி ஒன்று. அமுக்குகிற வேலையை அந்த உள்துணிதான் செய்கிறது. முதுகில் பவர்நெட் என்கிற இழுபடும் வலைத்துணி, மூச்சுக்கு விரிந்து கொடுக்கிறது. இந்தக் கணக்கு சரி. முன்னாலும் பின்னாலும் ஒரே இறுக்கமாக இருந்தால் நெஞ்சுக்கூடு எங்கே போகும்? கீழ் விளிம்பில் எலாஸ்டிக் முக்கால் இஞ்ச்தான் வைத்திருக்கிறார்கள். மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் சுருண்டு மேலே ஏறிக்கொள்கிறது. ஒன்றரை இஞ்ச் வைத்திருந்தால் நிற்கும். எட்டு ரூபாய் மிச்சம் பிடித்ததில் வந்த கோளாறு.

நிறம் கறுப்பு, சந்தனம் ரெண்டுதான். சந்தன நிறம் என்று அவர்கள் சொல்வது வட இந்தியத் தோலுக்கு. என் மேல் வெள்ளைப் பனியன் மாதிரித் தெரிகிறது. கறுப்பு வாங்குங்கள்.

சைஸ் விசயத்தில் நான் ஏமாறப் பார்த்தேன். அவர்களுடைய சார்ட்படி நான் 'எம்' (மீடியம்) சைஸ். 'எஸ்' (ஸ்மால்) வாங்கினால் இன்னும் தட்டையாக இருக்குமே என்று புத்தி போயிற்று. கோயமுத்தூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்த திருநம்பி. அவரிடம் கேட்டேன். "சின்ன சைஸ் போட்டா மார் தட்டையாகாது தம்பி, எலும்புதான் வளையும். எம்மே வாங்கு. ரெண்டு அளவுக்கு நடுவுல வந்தா பெருசை எடு" என்றார். இன்ச் டேப்பைத் தளர்வாகவும் பிடிக்காமல், அழுத்தியும் பிடிக்காமல், மூச்சை அடக்காமல் அளக்கச் சொன்னார். தினம் நூறு பேருக்கு அளவெடுக்கிற ஊரில் இருந்துகொண்டு, என் நெஞ்சை அளக்க எனக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. கண்ணாடி முன் நிற்கவே மாட்டேன் அப்போதெல்லாம்.

பார்சலுக்கு முழு மார்க். பிரவுன் கவர், அனுப்புனர் இடத்தில் வெறும் இனிஷியல், உள்ளே என்ன என்ற இடத்தில் 'உடை'. கூரியர் பையன் கம்பெனி கேட்டில் நின்று போன் அடித்தான். செக்யூரிட்டி, லைன் சூப்பர்வைசர், டீ வாங்கப் போன ரெண்டு பேர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "சார், பார்சல்ங் சார், ஒரு கையெழுத்து" என்றான். ஒரு மூச்சில் ரெண்டு சார். அதற்காகவே இன்னொரு பார்சல் ஆர்டர் பண்ணலாம் போலிருந்தது.

போட்ட முதல் நாள். சட்டையை மாட்டிக் கண்ணாடியைப் பார்த்தேன். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, ரெண்டு வருசமாகப் போடுகிறதுதான். அது நேராக விழுந்தது. தோளிலிருந்து பெல்ட் வரை ஒரே கோடாக. டெய்லர் பாஷையில் சொன்னால் 'ஃபால்' சரியாக இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் பையை நெஞ்சுக்கு முன்னால் கட்டிப்பிடிக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

பஸ் என்றதும் ஒரு வேடிக்கை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், திருநங்கையருக்கும் அந்தச் சலுகை உண்டு. பைண்டர் போடுவதற்கு முன் கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். இப்போது "எங்கப்பா போகோணும்?" என்று காசு கேட்கிறார். திருநம்பிக்கும் அந்தச் சலுகை உண்டா என்று புஷ்பா தியேட்டர் ஸ்டாப் கூட்டத்தில் கார்டை நீட்டிச் சட்டம் பேச எனக்குத் தெம்பில்லை. பேசாமல் டிக்கெட் வாங்கிவிடுகிறேன். இந்தத் தயாரிப்பின் மறைமுகச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் குறை. பெரிய குறை.

பார்சலில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வாஷ்கேர் லேபிள் இல்லை என்பதையாவது மன்னிக்கலாம். (நான் வேலை செய்கிற இடத்தில் லேபிள் விட்டுப்போன பீஸ் வெளியே போனால் பையர் லாட்டையே திருப்பி அனுப்புவான்.) இதை எத்தனை மணி நேரம் போடலாம், எப்போது போடக்கூடாது, எந்த வலி வந்தால் கழற்ற வேண்டும் என்று நாலு வரி இல்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தூங்கும்போது கூடவே கூடாது. ஓடும்போது, மூட்டை தூக்கும்போது, சளி இருமல் இருக்கும்போது கூடாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது சும்மா விட வேண்டும். இது எல்லாம் எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும். அண்ணன் இல்லாதவன் என்ன செய்வான்?

அண்ணன் இருந்தும் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மாசி மாதம், ஆர்டர் நெருக்கடி. ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை. எட்டு மணி நேரம் ஆனதும் பாத்ரூம் போய்க் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, மேலே தொளதொள சட்டையைப் போட்டுக்கொள்வது என் வழக்கம். அன்றைக்குக் காலையில் புதிதாக வந்த சூப்பர்வைசர், பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து என் பழைய பெயரை மைக்கில் கூப்பிட்டார். மூன்று தடவை. இருநூறு மெஷின் ஓடுகிற ஹால். மூன்றாவது தடவை பாதி மெஷின் நின்றது. எழுந்து போனேன். "ஓ, இதுவா நீ?" என்றார். 'இது'.

திருநர் அடையாள அட்டை என்னிடம் இருக்கிறது. 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் கையெழுத்துப் போட்டது. 2023-ல் ஆன்லைனில் விண்ணப்பித்தேன், உடல் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. ஆனால் 'ஆண்' என்று எழுத வேண்டுமானால் அந்தச் சட்டம் ஆபரேசன் சர்டிபிகேட் கேட்டது. ஆபரேசன் செய்தால்தான் ஆச்சு என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-லேயே சொல்லியிருந்தும். மார்பை எடுக்கிற டாப் சர்ஜரிக்கு ஏலச்சீட்டுப் போட்டிருக்கிறேன், அது விழுகிறபோது விழட்டும். அட்டையைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

அன்றைக்குப் பாத்ரூம் போகவில்லை. ஹாலில் எழுந்து நடந்தால் எல்லாக் கண்ணும் மேலே படும் என்று மெஷினிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீரும் குடிக்கவில்லை, குடித்தால் போக வேண்டும். பைண்டரைக் கழற்றவில்லை. அன்றைக்குப் பார்த்து இதையும் கழற்றிவிட்டு நிற்பதா என்றிருந்தது. காலை ஏழரைக்கு மாட்டியது, ராத்திரி ஒன்பதுக்கும் மேலேயே இருந்தது. பதினாலு மணி நேரத்துக்குப் பக்கம்.

பஸ்ஸில் வலி வந்தது. நெஞ்சு நடுவில், இடது ஓரம், ஊசி வைத்து ஓட்டுகிற மாதிரி. மூச்சை இழுத்தால் குத்துகிறது, பாதியில் நிற்கிறது. மாரடைப்பு என்றே நினைத்தேன். இறங்கி ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கழட்டிப்போட்டியா?"

"இல்லீங்ணா."

"முதல்ல கழட்டு. அப்பறம் பேசு."

பேக்கரிக்காரரிடம் கேட்டு, பின்னால் சாமான் அறையில், பன் ட்ரேக்களுக்கு நடுவில் நின்று கழற்றினேன். வேர்வையில் ஒட்டிக்கொண்டு தலைக்கு மேல் வரமாட்டேன் என்றது. பைண்டரில் மாட்டிக்கொண்டு ரெண்டு கையும் மேலே நிற்க, சாமி சத்தியமாக, 'இப்படியே செத்தால் பேப்பரில் என்ன போடுவான்' என்று ஒரு யோசனை ஓடியது. (கழற்றும்போது தலைவழியாக இழுக்காதீர்கள். தோள்பட்டையைக் கீழே இறக்கி, கால்வழியாக எடுங்கள். இதுவும் அந்த இல்லாத சீட்டில் இருக்க வேண்டியது.) அண்ணன் போனை வைக்கவில்லை. பக்கத்தில் ராத்திரி திறந்திருக்கிற கிளினிக்குக்கு நடக்க வைத்து, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்: "இறுக்கமான உடை போட்டிருந்தேன், எத்தனை மணி நேரம், எங்க வலி, அவ்வளவு போதும். ஜாதகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டா சொல்லு, கேக்கலைன்னா விடு."

இசிஜி எடுத்தார்கள், இருதயம் நன்றாக இருந்தது. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருகிற குருத்தெலும்பில் வீக்கம் என்றார் டாக்டர். வலி மாத்திரை, ரெண்டு வாரம் இறுக்கமாக எதுவும் போடக்கூடாது.

அந்த ரெண்டு வாரத்தை எப்படி ஓட்டினேன் என்பது பைண்டர் இல்லாதவர்களுக்கும் பயன்படும். அடர் நிறச் சட்டை, சின்னக் கட்டம் அல்லது பூப்போட்டது. ஒரே நிறத்தில் லேசான துணி என்றால் வளைவைக் காட்டிக்கொடுக்கும். ரெண்டு பக்கமும் பாக்கெட், மூடி வைத்தது. உள்ளே கொஞ்சம் கெட்டியான ரிப் பனியன், ஒரு சைஸ் பெரிதாகவே. நானே பாக்கெட்டுக்குள் காலர் கேன்வாஸ் வைத்து ரெண்டு சட்டை தைத்துக்கொண்டேன். முக்கியமாகக் கூன் போடக்கூடாது. மறைக்கிறேன் என்று தோளை முன்னால் மடக்கி மடக்கி எனக்கு இருபத்தேழு வயதில் கிழவன் முதுகு. மெஷினில் உட்காருகிற தொழில் வேறு. காலையில் சுவரில் முதுகை ஒட்டி நின்று கையைத் தூக்கி இறக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார்.

அவரைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். பைண்டரைப் பற்றி எழுதிவிட்டு அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் பாதிதான் எழுதியதாக ஆகும். அதுவும் ஒரு சேவைதான், அதையும் விமர்சிக்கலாம்.

கோயமுத்தூரில் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வீட்டு மாடி. பத்து பிளாஸ்டிக் நாற்காலி, வருகிறவர்கள் பதினைந்து பேர். மூன்று மணி என்றால் நாலுக்குத்தான் ஆரம்பிக்கும். நான் முதல் தடவை போனபோது ஒரு மணி நேரம் என்னிடம் யாரும் பேசவில்லை. காலேஜ் பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'நமக்கான இடமில்லை போல' என்று செருப்பை மாட்டிவிட்டேன். அப்போதுதான் மாடிப்படியில் ஒரு திருநங்கை அம்மா, தூக்குப்போசியில் சாம்பார் சாதத்தோடு ஏறி வந்தார். "எங்க போற மகனே? சாப்புட்டுப் போ" என்றார். பெற்றவள் வாயில் இன்றைக்கு வரை வராத வார்த்தை. சாப்பிட்டேன். இப்போது மூன்று வருசமாகப் போகிறேன்.

திருநங்கையருக்கு ஜமாத் என்கிற குடும்பம் மாதிரியான அமைப்பு இருக்கிறது. அம்மா, மகள், நானி (பாட்டி) என்று முறை இருக்கிறது, ஒருத்திக்கு ஒன்று என்றால் பத்து பேர் வந்து நிற்பார்கள். அதற்குள்ளும் சண்டை சச்சரவு உண்டு, அது வேறு. எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு அறையில், தனித்தனியாக. அதனால் இந்த மாடியை நான் குறை சொல்வேனே தவிர விடமாட்டேன். நைட் ஷிப்ட்காரன் வரமுடியாத நேரம் வைக்கிறார்கள், தமிழில் பேச யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இந்த ரெண்டையும் திருத்தினால் நல்லது.

அங்கே ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. உடம்பு மாறிச் சைஸ் பத்தாமல் போனவர்கள், ஆபரேசன் முடிந்தவர்கள், தங்கள் பைண்டரைத் துவைத்து அதில் போட்டுவிட்டுப் போவார்கள். காசில்லாதவன் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியை நான்தான் இப்போது பார்த்துக்கொள்கிறேன். எலாஸ்டிக் செத்துப்போனதைக் கழித்துக்கட்டுவேன். தொளதொளத்தது அமுக்காது என்று ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு மாட்டுகிற பயல்கள் இருக்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கையும் எழுதுகிறேன். 2017-ல் வந்த ஓர் ஆய்வு, மார்பைக் கட்டுகிற 1,800 பேரைக் கேட்டது. 97 சதவீதம் பேருக்கு முதுகுவலி, தோல் அரிப்பு, மூச்சுத் திணறல் என்று ஏதாவது ஒன்றாவது இருந்தது. கிரேப்பும் டேப்பும் மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்கிய பைண்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறோம் என்பதுதான் தொந்தரவோடு அதிகமாகச் சேர்ந்து வந்ததாம். அதே ஆட்கள் மனசு லேசாக இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டும் உண்மை என்று என் விலாவும் சொல்லும், நானும் சொல்வேன்.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில், தகரக் கூரை ஹாலில், நைலானுக்குள் படர்தாமரை வராவிட்டால்தான் அதிசயம். எனக்கு வந்தது. மெடிக்கலில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கலப்பு ஆயின்மென்ட்டில் ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டு நாளில் மறைந்து, நாலாவது வாரம் வட்டம் பெரிதாகித் திரும்பி வரும். தோல் டாக்டரைப் பாருங்கள். மெல்லிய காட்டன் பனியனை உள்ளே போட்டு அதன்மேல் பைண்டர், மத்தியானம் பனியனை மட்டும் மாற்று. இதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

அறுந்த தோளுக்கு விற்றவர்களிடம் வாட்ஸப் பண்ணினேன். ரெண்டு நாள் கழித்துப் பதில், போட்ட மாதிரி போட்டோ வேண்டுமாம். முடியாது என்றேன். உடனே மன்னிப்புக் கேட்டு, மேசையில் வைத்து எடுத்தால் போதும் என்றார்கள், புதியது அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று நானே ஜிக்ஜாக் ஓட்டிவிட்டேன். அந்தத் தையலைப் போட்டோ எடுத்து, எலாஸ்டிக் அகலத்தையும், சீட்டில் எழுத வேண்டிய நாலு வரியையும் சேர்த்து அனுப்பினேன். 'கண்டிப்பா பண்றோம்ணா' என்று வந்தது. பார்ப்போம். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை. சீட்டு வைத்தால் நாலு.

கடைசியாகத் துவைப்பது. கையால் அலச வேண்டும், முறுக்கக்கூடாது, நிழலில் காய வேண்டும். இதில் கஷ்டம் துணியில் இல்லை, கொடியில் இருக்கிறது. லைன் வீடு, ஆறு வீட்டுக்கு ஒரே கொடி. போன வீட்டை இந்தக் கொடியால்தான் காலி பண்ண வேண்டி வந்தது, வீட்டுக்காரர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். இந்த வீட்டில் முதல் மூன்று மாதம் அறைக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே காயப்போட்டேன். காயாது, நாறும். ஒரு நாள் துணிந்து, துண்டுக்கு அடியில் மறைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் மழை. ராத்திரி வந்தால், பக்கத்து வீட்டு அக்கா என் துணியை எல்லாம் மடித்து வைத்திருந்தார். மேலே சட்டை, நடுவில் துண்டு, அடியில் பைண்டர், நாலாக மடித்து.

"ஏங் கண்ணு, இது முதுகுக்குப் போடற பெல்ட்டா?" என்றார்.

"ஆமாங்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

"எனக்கும் ஒண்ணு வேணுமே. பாத்திரப் பட்டறைல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு."

ரெண்டு மாதம் விடாமல் கேட்டார். கட்டிங்கில் மிஞ்சிய பவர்நெட் கொஞ்சம் இருந்தது. நிஜமாகவே ஓர் இடுப்பு பெல்ட் வெட்டி, ரெண்டு இஞ்ச் எலாஸ்டிக் வைத்து, நாலு ஊசியில் ஓட்டிக் கொடுத்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, தூங்கும்போது கூடாது என்று சீட்டும் எழுதி வைத்தேன். மறுநாள் வாசலில் நிறுத்தி, "நல்லாத்தாங் கண்ணு இருக்குது. சித்த இறுக்கம். ஆனா நிமுந்து நடக்க முடியுது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன்ற பெல்ட்டு மொதுகுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். வெளியவே காயப்போடு, மழை வந்தா நான் எடுத்து வெச்சுக்கறேன்" என்றார்.

இப்போது ராத்திரி எட்டரைக்கு நான் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்: "கழட்டிப்போட்டியா?"

"போட்டனுங்க்கா. நீங்க?"

"ஐயோ, மறந்தே போச்சு."